ஏசி அறை

அந்த ஏசி வந்த நாளிலிருந்து அம்சவல்லிக்கு மனசு ஆறவே இல்லை. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வருஷக்கணக்காகச் சூளைப் பக்கம் நின்று வெந்தவள் அவள். அவளுக்கு ஒரு டேபிள் ஃபேன். நேற்று வந்த கொழுந்தன் பெண்டாட்டி சண்முகப்ரியாவுக்குக் குளுகுளு அறை.

நரம்பு நோயாம். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்று புதுச்சேரி டாக்டர் பெயர் சொன்னார். உடம்பு சூடானால் கண் மங்கும், கால் மரத்துப்போகும், அசதி ஆளைச் சாய்க்கும், அடுப்படிப் பக்கமே விடாதீர்கள் என்றும் சொல்லிவிட்டார். கொழுந்தன் பிரவீன்குமார் காலையும் மாலையும் பெண்டாட்டியின் கால்களை மடக்கி நீட்டிவிடுகிறான். மாமியார் வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். ஆளைப் பார்த்தால் மூக்கும் முழியுமாகத்தான் இருக்கிறாள். வேலை என்றால் மட்டும் வருகிற நோய் என்று அம்சவல்லி மனசுக்குள் கறுவிக்கொண்டாள். தனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாய்க் கஷாயம் கொடுக்க நாதியில்லாமல் கிடந்ததையும் நினைத்துக்கொண்டாள்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மற்றவர்கள் கம்மாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். துணி துவைத்துக் களைத்த அம்சவல்லி ஏசி அறைக் கதவைத் திறந்தாள்.

“ஒடம்பு வலிக்குது பிரியா. செத்த நேரம் படுக்கணும். நீ போயி கொழம்பு வையேன்.”

முகம் சுளிப்பாள், நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று காத்திருந்தாள். சண்முகப்ரியாவோ முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். நடிப்புக்காரி என்று முனகியபடி அம்சவல்லி குளிரில் தூங்கிப்போனாள்.

கருகிய நெடிதான் எழுப்பியது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பு எரிந்துகொண்டிருக்க, சண்முகப்ரியா தரையில் கிடந்தாள். சிறுநீரை அடக்க முடியாமல் நைட்டி நனைந்திருந்தது. கண்கள் அம்சவல்லியின் முகத்தைத் தேடி வேறெங்கோ நின்றன.

அம்சவல்லி அடுப்பை அணைத்து, அவளை அணைத்துத் தூக்கி ஏசி அறைக்குக் கொண்டுபோய், துணி மாற்றி, கழுத்திலும் கைகளிலும் ஈரத்துணியால் ஒத்தினாள். உடம்பு ஆற ஆறப் பார்வை திரும்பியது.

“அவருகிட்ட சொல்லிடாதீங்கக்கா. சொன்னா இனிமே நீங்களும் எனக்கு வேல சொல்ல மாட்டீங்க.” சண்முகப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தெனம் நீங்க சோத்து டப்பாவ எடுத்துக்கிட்டு கம்பெனிக்குக் கெளம்புறீங்கல்ல, எனக்கு உங்க மேல அவ்ளோ பொறாமையா இருக்கும்.”

தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று அம்சவல்லி கனவிலும் நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அது இன்னும் பெரிய வெட்கம். அந்தச் சந்தோஷத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றது அத்தனையையும் பிரவீன்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.