இருபதாவது ஜோடி

...டில்டாவா, டில்டாவையா கொண்டாந்துட்டாங்க, என்று முன் சீட்டுப் பையன் கத்தியபோது பஸ் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதையும் நினைக்காமல் இருந்தேன், பத்து மாதமாக அதில் நல்ல பழக்கம் வந்துவிட்டது... டில்டா. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்ன இரண்டே பேரைத்தான் எனக்குத் தெரியும், ஒருத்தி என் மனைவி புஷ்பலதா, இன்னொருவன் நான். சால்ட் ஹார்பர் என்ற சண்டை விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் மட்டும் வந்துபோன மீன்காரக் கிழவி, கையில் கூடை, இடுப்பில் கத்தி, நடக்கவே நேரம் எடுப்பாள், அவளை எடுத்து ஆடினால் தோல்விதான் என்று எல்லோருக்கும் தெரியும், புஷ்பலதா அவளைத்தான் எடுப்பாள், தோற்பாள், மறுபடி அவளையே எடுப்பாள். முன் சீட்டில் இரண்டு பேர், காலேஜ் பையன்கள், ஒரு போனுக்கு இரண்டு தலை. செத்தேன்டா கோகுலு, நான் செத்தேன், என்று ஒருவன் நெஞ்சில் அடித்துக்கொள்கிறான். மெதுவாடா லோகேசு, கண்டக்டர் எறக்கி உட்ருவாரு, என்கிறான் மற்றவன், ஆனால் அவனும் சீட்டில் உட்காரவில்லை.

என் பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைத் தொட்டார். அடிவாரத்தில் ஏறியபோதே பெயர் குப்பாயி, ஊர் தலைச்சோலை, மகளுக்குச் சேலத்தில் பிரசவம், வளைவு ஏறினால் வயிறு புரட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டவர், கையில் பாதி எலுமிச்சம்பழம். ஏனுங் கண்ணு, அந்தப் பசங்களுக்கு என்னாச்சுங்க, யாராச்சும் தவறிட்டாங்களா? இல்லீங்க, வெளையாட்டு, போன்ல. வெளையாட்டுக்கா இந்தக் கத்து கத்துறானுங்க, நான் நொம்பப் பயந்துட்டேன் சாமி... எலுமிச்சையை முகர்ந்துகொண்டார். ஊட்ல கூட்டியாரலீங்களா? ஊட்ல இருக்காங்க, என்றேன். எப்போதும் இப்படித்தான் சொல்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, அவள் இல்லை என்ற வாக்கியத்தை நான் இதுவரை சொன்னதே இல்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மாமனார் சொன்னார், ஊரில் என் அண்ணன் சொன்னான், நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார், எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

புது விளையாட்டின் ட்ரெய்லர் இன்று காலைதான் வந்திருக்கிறது. சால்ட் ஹார்பர் ஆட்களும் நைன் மூன்ஸ் ஆட்களும் ஒரே விளையாட்டில். இரண்டும் வேறு வேறு கம்பெனி, துறைமுகத்துச் சண்டைக்காரர்கள் ஒருபுறம், அரண்மனை, வாள், மந்திரம் ஒருபுறம், இவர்களை மோதவிட வேண்டும் என்று ஊர் உலகமே வருடக்கணக்கில் கேட்டது, நடக்காது என்று இரண்டு கம்பெனியும் சொன்னது... நடந்துவிட்டது, அவள் இல்லாத வருடம் பார்த்து. பையன்கள் இப்போது மற்றவர்கள் எப்படி அதிர்ந்துபோனார்கள் என்ற வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள், பிரேசில்காரன் ஒருவன் சட்டையைக் கிழித்துக்கொள்கிறான், ஒரு பெண் நாற்காலியோடு பின்னால் விழுகிறாள், ஒருவன் பேசாமல் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறான். பாவம்டா, பொண்டாட்டி செத்த மாதிரி அழுவுறான், என்று லோகேஷ் சிரித்தான். அப்படி அழுவார்களா? நான் அழவில்லையே. கையெழுத்துப் போட்டேன், ஆம்புலன்ஸ்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அது ஞாபகம் இருக்கிறது, அவர் சர்க்கரை வேண்டாம் என்றார்.

டேய் இதப் பார்றா, என்றான் கோகுல், குரல் மாறியிருந்தது. மூணு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தி லிஸ்ட் போட்டுருக்கா. ட்ரெய்லர்ல ஆறு ஜோடி வருதுல்ல, ஆறும் இந்த லிஸ்ட்ல இருக்குடா. டில்டாவும் நைன் மூன்ஸ் இளவரசி சாயேவும் மோதற ஜோடிகூட இருக்கு, ஏழாவதா. உலகம் பூரா இந்த லிஸ்ட்டத்தான் சுத்துறானுங்க. பேரு என்ன போட்டுருக்கா? மிளகுக்கொடி. ஊரு ஏற்காடாமா. எந்த ஏற்காடு? எத்தன ஏற்காடுடா இருக்கு, இப்ப நாம போறோமே, இதே ஏற்காடுதான்... பஸ் திரும்பியது, குப்பாயியின் தோள் என் மேல் சாய்ந்தது, இது என்ன வளைவு, ஆறா, ஏழா. மிளகுக்கொடி. மாரமங்கலத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிடக்கும் கொடிகள், அதிலிருந்து எடுத்த பெயர். அவள் எழுதுவாள் என்று தெரியும், எந்நேரமும் போனில் கட்டைவிரல் ஓடிக்கொண்டிருக்கும், என்ன எழுதுகிறாள் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

போனை எடுத்துத் தேடினேன், சிக்னல் வந்தது, போனது, நாற்பதடிப் பாலத்துக்கு அருகில் வந்து நின்றது. இருக்கிறது. அவள் எழுதியதுதான். கீழே ஆயிரக்கணக்கில் பதில்கள். நீ யார், எந்தக் கம்பெனியில் வேலை, திரும்பி வா, அடுத்து யார் என்று சொல். ஒருவன் ஏற்காடு என்பது சங்கேதப் பெயர் என்கிறான், வரைபடம் போட்டு நிரூபித்திருக்கிறான். ஒருவன் அவளுக்குக் கம்பெனிக்காரர்கள் பணம் கொடுத்து வாயை அடைத்துவிட்டார்கள், அதனால்தான் பத்து மாதமாக எழுதவில்லை என்கிறான். பொண்ணே கெடையாதுடா, எவனோ ஒருத்தன் பொண்ணு பேர்ல உக்காந்திருக்கான், என்று முன் சீட்டில் லோகேஷ் தீர்ப்புச் சொல்கிறான், எந்தப் பொண்ணுடா டில்டாவ யோசிப்பா? உங்கக்கா உன்ன அடிச்சு ஜெயிக்கலியா, என்கிறான் கோகுல். அது வேற, நான் அன்னிக்கு விட்டுக் குடுத்தேன்.

கம்பெனி இல்லை, ரகசியம் இல்லை, கருவாடு. ஏழாவது வளைவில் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண் எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான் டில்டா வந்த கதை. கல்யாணமாகி நான்கு மாதம், சேலம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம், மலையில் பிறந்தவளுக்கு மலை ஏறினால் குமட்டும், கேட்டால் நாங்க நடந்து போறவங்க, உங்க பஸ்ஸுதான் ஆகாது என்பாள். யோசனையை வேறு பக்கம் திருப்பினால் குமட்டாது என்று நான்தான் அந்த ஆட்டத்தைச் சொன்னேன். வளைவுக்கு ஒரு ஜோடி, அங்கிருந்து ஒருவர், இங்கிருந்து ஒருவர், யாரோடு யார் மோதினால் நன்றாக இருக்கும். ஒற்றைப்படை அவளுக்கு, இரட்டைப்படை எனக்கு. இருபது வளைவு, இருபது ஜோடி. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு இருந்தாள், அவள் முறை வரும்போது மட்டும் துணியை விலக்கிச் சட்டென்று இரண்டு பெயர் சொல்வாள், என் முறை வந்தால் பேச மாட்டாள், ஒரு விரலால் என் முழங்காலில் இரண்டு தட்டு. உன் வளைவு, சொல். பதினைந்துக்கு மேல் சிரித்தாள், துணியே தேவைப்படவில்லை. பிறகு... பிறகு என்ன? எனக்கு முந்தின நாள் நைட் டூட்டி. மேலே ஒண்டிக்கடை ஸ்டாப் வந்ததும்தான் எழுப்பினாள்.

பட்டியலை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினேன். பத்து என்னுடையது, பதினொன்று அவளுடையது, பன்னிரண்டில் நான் சொன்னதை மாற்றி வேறு எழுதியிருக்கிறாள், கள்ளி. பத்தொன்பது வரை ஜோடி இருக்கிறது. இருபதுக்கு நேராகப் பெயர்கள் இல்லை. இருபது என் வீட்டுக்காரருடைய முறை, தூங்கிவிட்டார், கேட்டுச் சொல்கிறேன், என்று எழுதியிருக்கிறாள்.

யாருடா அந்த வீட்டுக்காரன், என்றான் லோகேஷ் அதே நேரத்தில், அவனும் அங்கேதான் வந்திருக்க வேண்டும். அவன்தான்டா கம்பெனி ஆளு. ட்ரெய்லர் கடைசில இருட்டுல ரெண்டு உருவம் நிக்குதுல்ல, அது யாருன்னு அவனுக்குத் தெரியும். எல்லாரும் அவனத்தான் தேடுறானுங்க. கீழே அப்படித்தான் இருந்தது. கணவரைக் கேளுங்கள். கணவர் எங்கே. கணவரே, எழுந்திருங்கள். பல நாட்டுக்காரர்கள், பல மொழி, எல்லோரும் என்னை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை அவள் கேட்டாள், இருபது என்னங்க? எந்த இருபது, என்றேன், சட்டைக்குப் பட்டன் தேடிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்டாளா? ஆயிரம் தரம் அந்த இரண்டு வருடத்தைத் திருப்பிப் பார்க்கிறேன், கேட்ட ஞாபகம் இல்லை.

பதினேழு போயிற்று, பதினெட்டு. பனி இறங்கியிருந்தது, டிரைவர் விளக்கைப் போட்டார், குரங்குகள் தடுப்புச் சுவரில் நனைந்து உட்கார்ந்திருந்தன. கண்ணாடிய ஏத்தட்டுங்களா, என்றேன். வேண்டாங் கண்ணு, காத்து இருந்தா தேவலை, என்றார் குப்பாயி. கோகுல் திரும்பினான். அண்ணா, நீங்க ஏற்காடுங்களா? ஆமாம். போனை நீட்டினான். இப்படி ஒரு அக்கா இருக்காங்களாமா, கேம்லாம் ஆடுவாங்க போல, கேள்விப்பட்டிருக்கீங்களா? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஊட்ல இருக்காங்க என்று சொல்லியிருக்கலாம், பழகின வாய்தானே. செத்துட்டா, என்றேன். பத்து மாசம் ஆச்சு. டெங்கு. என் குரல் சாதாரணமாக இருந்தது, ரூம் காலி இல்லை என்று விருந்தாளியிடம் சொல்லும் குரல். நான்தான் வீட்டுக்காரர்.

கோகுலின் கை அப்படியே நின்றது, போனில் யாரோ ஒருவன் மகிழ்ச்சியில் அலறிக்கொண்டே இருந்தான், அதை நிறுத்த அவனுக்குத் தோன்றவில்லை. குப்பாயி எலுமிச்சையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், ஊட்ல இருக்காங்கன்னு சொன்னீங்களே சாமி, என்று கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. சாரிங்கண்ணா, என்றான் கோகுல். லோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான், அடக்க முடியாமல், அண்ணா, அப்ப அந்த இருபதாவது... என்றான். மூடுறா நாயே, என்று கோகுல் அவன் மண்டையில் அடித்தான். அடிக்காதப்பா, என்றேன். நியாயமான கேள்விதான். அந்த ஒரு ஜோடி நான் சொல்ல வேண்டியது, ஒருவர் அங்கிருந்து, ஒருவர் இங்கிருந்து, எந்த இரண்டு பெயரானாலும் போதும், சொன்னால் அவள் பட்டியல் முடியும். வாயைத் திறந்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

கொண்டை ஊசி வளைவு 20/20, மஞ்சள் பலகை பனிக்குள்ளிருந்து வந்தது. ஏறும்போது இது கடைசி. இறங்கும்போது இதுதான் முதல்... ஆம்புலன்ஸில் இதைத்தான் முதலில் பார்த்தேன். பிற்பகல், இதே போல் பனி. அவள் முகத்தில் ஆக்சிஜன், பேச முடியாது, பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நான் பக்கத்து இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். வண்டி இந்த வளைவில் சாய்ந்தது. அவள் கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. என் முழங்காலில் தட்டினாள். ஒரு விரல். இரண்டு தட்டு. தண்ணீர் கேட்கிறாள், வலிக்கிறது, எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள், என்னென்னவோ நினைத்தேன், அண்ணே அண்ணே என்று உதவிக்கு வந்தவரைக் கூப்பிட்டேன், அவர் ஊசிக் குழாயைப் பார்த்தார், கைய ஆட்ட விடாதீங்க, ஊசி நழுவிடும் என்றார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒண்ணுமில்ல, அசையாம படு, என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எதற்கோ காத்திருப்பது போல, பத்து மாதமாக அது பயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இறங்கும்போது இருபதுக்கு அடுத்தது பத்தொன்பது. பத்தொன்பது அவளுடையது, அவள் முறை வந்தால் தட்ட மாட்டாள். பதினெட்டு என்னுடையது. அப்படியென்றால், பத்தொன்பதில் அவள் விரல் சும்மா இருந்து, பதினெட்டில் அசைந்திருந்தால், அவள் கேட்டது தண்ணீர் இல்லை... அசைந்ததா? ஏதோ அசைந்தது, காய்ச்சல் நடுக்கம் என்று நினைத்தேன், எந்த வளைவில் என்று பார்க்கவில்லை, வெளியே பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் இருபதைத் தாண்டிவிட்டது, கண்டக்டர் ஒண்டிக்கடை எறங்கறவங்க வாங்க என்கிறார், குப்பாயி பையைத் தேடுகிறார், நான் என் முழங்காலைப் பார்க்கிறேன். பத்தொன்பதிலிருந்து ஒன்று வரை அவள் கையை நான் விடவே இல்லை. விரல்கள் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தேன்.