வாசலுக்கு இரண்டு தூண்

விடிவதற்கு முன்பே வியர்வை கண்ணில் இறங்கியது. ஒன்பதடி நீள நிலக்கரிப் பாளத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்துக் கோமர் நெம்ப, எதிர்ப்பக்கம் எட்டுப் பேர் கயிற்றை இழுத்தார்கள். மர உருளைகள் முனகின. மூன்று டன் கனம் ஒரு சாண் நகர்ந்து நின்றது. வியர்வையில் கரித்தூள் குழைந்து கழுத்தில் சேறாக வழிந்தது. ஜனவரி மாதத்து ஆஸ்திரேலிய வெயில் கிளம்புவதற்குள் பாளத்தைப் பலகை அடித்து மூடியாக வேண்டும்.

"மெதுவா, மெதுவா! மூலை உடைஞ்சா நம்ம தலை உடையும்," என்றான் ரூஃபஸ். மேலாளர் சொல்ல வேண்டியதையெல்லாம் அவருக்கு முந்தியே சொல்லிவிடுகிற ஆள் அவன்.

பாளத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சுரங்கத்துக்குள் அறுத்தெடுத்தபோது கூரை சரிந்து எலிஸ் செத்துப்போனான். எலிஸ் கோமரின் ஜோடி. ஏழு வருடம் ஒரே விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் நின்று வெட்டியவன். கோமரின் தங்கை மைரைக் கட்டியவன். நேற்றுத்தான் அடக்கம் நடந்தது. கோமர் அழவில்லை. ரொட்டியைக் கையில் கொடுத்தால் தின்றான், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

பிலடெல்பியாவில் உலகக் கண்காட்சி. இந்தக் காலனியின் கூடத்துக்கு முன்னால் கரி நிற்க வேண்டுமாம்; அதுவும் பூமிக்குள் கரி படிந்திருக்கும் அடுக்கின் முழு உயரத்துக்கு, ஒரே பாளமாக. அப்படி முழுசாகக் கரி இருப்பது கூரையைத் தாங்குவதற்கென்று வெட்டாமல் விட்டுவைத்த தூண்களில்தான். அதில் கை வைக்காதீர்கள் என்று எலிஸ் தலைபாடாக அடித்துக்கொண்டான். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தபோது குதிரை வண்டி வந்து நின்றது. கண்காட்சிச் செயலாளர் லாக்வுட் சுருட்டிய வரைபடத்தோடு இறங்கினார். பின்னாலேயே மேலாளர் தார்லி.

லாக்வுட் கைத்தடியால் பாளத்தைத் தட்டிப் பார்த்தார். "பிரமாதம்! இது இடது பக்கம். வலது பக்கத்துத் தூண் எங்கே?"

எல்லோரும் தார்லியைப் பார்த்தார்கள்.

"வாசல்னா ரெண்டு தூண் வேணாமா? ஒத்தைத் தூணை நட்டுவெச்சு மாடா கட்டப் போறோம்?" வரைபடத்தை விரித்தார். இரண்டு கறுப்புத் தூண்கள், மேலே வளைவு, அதில் தங்க எழுத்தில் காலனியின் பெயர். "பதினெட்டாம் தேதி கப்பல்."

தொழிலாளர் சங்கச் செயலாளர் ஜேபஸ் முன்னால் வந்தார். "ஐயா, இந்த ஒண்ணுக்கே ஒரு உசிரைக் கொடுத்திருக்கோம். பக்கத்துத் தூணையும் எடுத்தா மலையே உள்ள வந்துரும்."

"மலைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ உன் சங்கத்தைப் பாரு," என்றார் தார்லி.

"அதைத்தான் பார்க்கிறேன். ஒரு ஆள் குறையுது."

தார்லி அவரை விட்டுவிட்டுத் திரும்பினார். "கோமர், சுத்தமா அறுக்கிற கை உன்னோடதுதான். நீ வெட்டுவியா?"

"சரி," என்றான் கோமர். யாரோ சொன்னதுபோல் அவன் காதிலேயே விழுந்தது.

"டேய், பைத்தியமா உனக்கு? மைர் முகத்துல எப்படிடா முழிப்ப?" என்று ஜேபஸ் கத்தினார். கோமர் பிக்காஸை எடுத்துத் தோளில் போட்டான். விழுந்தால் விழட்டும். அவ்வளவுதான் தோன்றியது.

ஆனால் ஜோடி இல்லாமல் எவனும் உள்ளே போகக் கூடாது. ஒருவன் மாட்டிக்கொண்டால் மற்றவன் இழுத்துப் போட வேண்டுமே. தார்லியே கையெழுத்திட்டு அந்தச் சட்டத்தைச் சுரங்க வாயில் மாட்டியிருந்தார்.

"ரூஃபஸ், நீ இவன்கூடப் போ."

ரூஃபஸ் பாளத்தைப் பார்த்தான், கோமரைப் பார்த்தான். "எனக்கு ஜோடி இருக்கே, ஐயா."

"ஜேபஸ்தானே? அவன் வேற ஆளைப் பார்த்துக்குவான்."

"இல்லீங்க," என்றான் ரூஃபஸ். "எலிஸ்."

"என்னடா உளறுறே? அவன் செத்துட்டான்!"

"அதாங்க, இன்னிக்கு இறங்க வழியில்லை."

ஒருவன் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டான். தார்லி அவன் பக்கம் விரலை நீட்டினார். "உன் ஜோடி யாரு?"

"எலிஸ்ங்க."

"நீ?"

"எனக்கும் அவன்தாங்க."

வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். வரிசையாக அதே பேர் வந்தது. கடைசியில் ஜேபஸ், "எல்லாருக்கும் அவன் ஜோடின்னா, எனக்கு மட்டும் என்ன, நீங்களா?" என்றார்.

தார்லியின் முகம் சிவந்தது. "நாளைக்கே வேற சுரங்கத்துல இருந்து ஆள் இறக்குறேன். உங்க ஒருத்தனுக்கும் இங்க வேலை கிடையாது!"

"இறக்குங்க. அவங்க ஜோடி யாருன்னும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க," என்றார் ஜேபஸ்.

"கோமர்! நீ ஒத்துக்கிட்டவன். இவங்களுக்குப் புத்தி சொல்லு."

மூன்று நாளாக அவன் எதிரில் யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. இப்போது எட்டு வாய் சொல்லிவிட்டது. நெஞ்சுக்குள் எங்கோ வலிக்கத் தொடங்கியது. தாங்க முடியாத வலி.

"ஒத்துக்கிட்டேங்க," என்றான். "கூட வர ஆள் இல்லாம எப்படிங்க போறது? நீங்க மாட்டுன சட்டம்தானே?"

பிக்காஸைக் கீழே போட்டான். அதற்குள் ஜேபஸ் பாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"ஐயையோ, அதுமேல உட்காராதீங்க! எழுந்திருங்க!" என்று பதறினார் லாக்வுட்.

ரூஃபஸ் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். கோமர் அங்கே உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க வாய்விட்டு அழுதான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.