கூரைமேல் வெந்நீர்

மாதம் முடிவதற்குள் ஒரு சூரிய வெந்நீர்த் தொட்டியாவது விற்காவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று பட்டர்வொர்த் ஊரில் நான் வேலை பார்த்த கடையின் முதலாளி அலாவுதீன் சொல்லிவிட்டார். எண்ணெய் எரித்து மின்சாரம் எடுப்பதை நாடு குறைத்துக்கொண்டு வந்த எண்பதுகளின் கடைசி அது. சூரியன் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். வாங்கத்தான் ஆளில்லை. கடைசியில், மின்சார அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவையே பிடித்தேன்.

"சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு வரைக்கும் இருக்கட்டும், பிள்ளை" என்றார் அப்பா. "தண்ணி சுடலன்னா ஞாயித்துக்கிழமை லோரி வந்து தூக்கிட்டுப் போயிடணும்லா."

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். கூரைமேல் கறுப்புத் தகடு குளம்போல் மினுங்கியது. தொட்டியில் ஏறும் சூடு மறுநாள் காலைவரை நிற்கும் என்பதால் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை, அப்பா தலைமுதல் கால்வரை நல்லெண்ணெய் பூசிக்கொண்டு குழாயைத் திறந்தார். பச்சைத் தண்ணீர் வந்தது.

"நேத்து சாயங்காலம் போர்வை எல்லாத்தையும் அதுலதான் துவைச்சேன்" என்றாள் அம்மா. "சும்மா வர்ற சூடுதானேன்னு..."

நான் பானையைத் தூக்கினேன். "அடுப்புல வெந்நீர் போடவாப்பா?"

"வேணாம். அடுப்புத் தண்ணியில குளிச்சா இது சுடுமா சுடாதான்னு எப்படித் தெரியும்? வெயில் ஏறட்டும்."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூக்கு நுனியில் எண்ணெய் சொட்டியது. பாசாரில் காய்கறி வாங்கித் திரும்பிய ஆசியா பீவி அக்கா நின்றார். மூலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்.

"என்ன அண்ணே, உங்களைப் பொரிக்கப் போறாங்களா?"

"சூரியனுக்குக் காத்திருக்கேன்." அப்பா கூரையைக் காட்டினார். "நேத்து ஆறு போர்வை வெளுத்திருக்கு அந்தத் தண்ணி."

பிறகு அப்பாவின் அலுவலக நண்பர் ஏரம்பமூர்த்தி வந்தார். "கரண்ட் ஆபீஸ்காரனே இப்படிச் செஞ்சா நம்ம சம்பளம் என்னலா ஆகும்?"

"எண்ணெய் தீர்ந்துட்டா மட்டும் சம்பளம் வருமா?" என்றார் அப்பா.

பதினொன்றரைக்குள் வாசலில் ஏழெட்டுப் பேர். குழாயை மறுபடி திறந்தேன். முதலில் வெதுவெதுப்பு, பிறகு ஆவி. ஆளாளுக்குக் கை நீட்டினார்கள்.

"தொட்டுப் பார்த்தே தீர்த்துடாதீங்கலா" என்று அப்பா எல்லோரையும் விலக்கிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தினார்.

ஆசியா பீவி அக்கா மட்டும் போகவில்லை. "கடையில எண்ணெய்த் தட்டெல்லாம் கழுவணும், தங்கச்சி. எவ்வளவு பெரிய தொட்டி வேணும்?"

ஆர்டர் புத்தகத்தை எடுக்க உள்ளே ஓடினேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அப்பாவின் குரல் கேட்டது.

"முதல்ல என் பேரை எழுது."