டார்ச்சும் தெருவிளக்கும்

தமிழ்நாட்டிலேயே விளக்கம் சொல்லாமல் சிரிக்கவைக்கத் தெரிந்த ஒரே கார்ட்டூனிஸ்ட் தான்தான் என்று பென்சன் மனதார நம்பினான். ராஜபாளையத்து மாலைப் பேப்பர் ஒன்றில் அவனுக்குத் தினம் ஒரு கார்ட்டூன் கட்டம். பக்கத்து மேஜை சிவபாண்டியோ குடத்தை வரைந்து, அதன் மேல் ‘குடம்’ என்று எழுதுகிறவன்.

“விளக்கம் சொன்ன ஜோக்கும் தண்ணி ஊத்திக் கழுவுன பால்கோவாவும் ஒண்ணுலே,” என்பான் பென்சன்.

“ஆமா, பெரிய இவன்!” என்பான் சிவபாண்டி.

பென்சன் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பென்சிலால் போட்டு, அப்பா பால்துரையிடம் நீட்டுவான். அவர் தோள் குலுங்கினால் மை ஏறும். குலுங்காவிட்டால் தாள் கிழியும். ஆசிரியரெல்லாம் பிறகுதான். ஒரு வருடமாக ஒன்றுகூடக் கிழியவில்லை. கை பழுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டான்.

அன்று விளம்பரம் வந்ததால் கட்டத்தைத் தூக்கிவிட்டார்கள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவன், டீக்கடை பெஞ்சில் அப்பாவைப் பார்த்தான். பேப்பரை விரித்துவைத்துத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தார்.

“எம் மவன் இன்னைக்கு எப்படிப் போட்டிருக்கான் பாத்தியாலே!”

டீ மாஸ்டர் இசக்கிமுத்து எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அண்ணாச்சி, அது சோழபுரத்துப் பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி.”

அப்பா பேப்பரை மெல்ல மடித்தார்.

வீட்டுக்கு நடக்கையில் பென்சன் கேட்டான். “எப்ப இருந்துப்பா?”

“போன ஈஸ்டருக்குப் பொறவு. எல்லாம் புகையாத் தெரியுது.”

“சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா படத்த எங்கிட்டக் காட்டாம விட்டிருவியேலே.”

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் பென்சன் வரைந்து முடித்தான். பழக்கதோஷத்தில் தாளை நீட்டினான்; பின் இழுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

“ஒரு தெருவிளக்குக் கம்பம்ப்பா. புதுசு. திறந்துவைக்க ஒருத்தர் மாலையோட வந்திருக்காரு. வெட்டுத ரிப்பனைக் காணும்னு டார்ச் அடிச்சுத் தேடுதாரு.”

“அப்ப லைட்டு எரியல?”

“எரியல.”

அப்பா யோசித்தார். தோள் அசையவில்லை. “பக்கத்துல வேற யாருலே நிக்கா?”

யாரும் இல்லை. பென்சன் தாளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

“ஒரு நாய் நிக்கிப்பா. அதுக்கு மட்டும் கம்பம் எங்க இருக்குன்னு தெரியும். ஒரு காலத் தூக்கிட்டு நிக்கி.”

இந்த முறை குலுங்கியது தோள் இல்லை, வயிறு. இருமல் வரும்வரை சிரித்தார். “எந்த நாயிலே? நம்மூரு வெள்ளையா?”

“வெள்ளைதான். அதான் இருட்டுலயும் தெரியுது,” என்றபடி பென்சன் பென்சிலைத் தேடினான்.