மூக்கால் தின்ற சத்து

கலவை அறையில் வேலை செய்கிறவர்கள் முகத்தை மூடக்கூடாது. எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் அது. அந்தத் தொழிற்சாலையில் தயாரானது முடிக்கும் நகத்துக்கும் எலும்புக்குமான சிலிக்கா மாத்திரை. கலவை அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. சரக்கு வாங்க வருகிறவர்கள் வெளியே நின்று பார்ப்பார்கள். கண்ணாடியில் ஆள் நிழல் விழுந்ததும், உள்ளே இருப்பவர் மாத்திரைக்கான தூளில் ஒரு கரண்டியைத் தண்ணீரில் கலக்கி மடமடவென்று குடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

கலவைக்காரன் பல வருடம் அப்படிச் சிரித்தான். மூட்டையைத் தொட்டியில் கவிழ்க்கும்போது தூள் குப்பென்று எழும்பும். மீசை, புருவம், காது மயிர் எல்லாம் வெளுத்துவிடும்.

"மத்தவன் காசு குடுத்து வாயால திங்கிறான். நாம ஓசியில மூக்கால திங்கிறோம்" என்பான். அறை முழுக்கச் சிரிக்கும்.

நெஞ்சு கரகரத்தால் இன்னொரு கரண்டி கலக்கிக் குடிப்பார்கள். வயிற்றுக்குச் சத்தாக இருப்பது நெஞ்சுக்கு மட்டும் நஞ்சாகிவிடுமா என்ன? அவனும் குடித்தான். படி ஏற முடியாமல் போன பிறகும் குடித்தான்.

கடைசியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கல் உடைக்கிற வேலையா என்று கேட்டார்.

"சத்து மாத்திரைக் கம்பெனிங்க. சூளையில சுட்டு வர்ற சிலிக்காத் தூள். தினம் அதையே குடிக்கிறேனே, உள்ள போன தூசியைக் கழுவிடாதா?"

"குடிக்கிறது போற பாதை வேற. தண்ணியில, தானியத்துல எல்லாம் சிலிக்கா இருக்கு. அது கரைஞ்சு உள்ள போகும், மிச்சம் மூத்திரத்துல வந்துடும். நீங்க மூச்சுல இழுத்தது சூளையில சுட்ட, கரையாத தூள். நுரையீரல்ல ஒட்டினா ஒட்டினதுதான்."

"முடிக்காவது நல்லதுங்களா?"

"அதை இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லல" என்று டாக்டர் படத்தை உறையில் போட்டார்.

அவன் வேலையை விட்டான். அந்த இடத்துக்கு அவன் மனைவியையே போட்டார் மேற்பார்வையாளர். அவர் அவளுடைய அண்ணன். அதுவரை அவள் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கேள்விப்பட்டதும் அவன் மூச்சிரைக்க மச்சான் அறைக்குப் போனான்.

"வேலை குடும்பத்தை விட்டுப் போகக்கூடாதுன்னு பார்த்தேன் மாப்ள" என்றார் அவர். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்.

"அவளுக்கு முகமூடியாவது குடுங்க மச்சான்."

"மாவு பிசையிறவன் முகமூடி போட்டா பிசையிறான்?"

"இது மாவு இல்ல."

"திங்கிற பொருள்தானே? அதுக்குப் பயந்து நாமளே மூஞ்சிய மூடினா வாங்குறவன் என்ன நினைப்பான்? உனக்குப் பீடியில வந்திருக்கும். கம்பெனி தலையில கட்டாத."

"நான் பீடியைத் தொட்டதே இல்ல மச்சான்."

"தொட்டிருந்தா சொல்றதுக்காவது வசதியா இருந்திருக்கும்" என்று அவர் எழுந்துகொண்டார்.

வழியில் அவன் கடை கடையாக ஏறி, வடிகட்டி பொருத்திய முகமூடி ஒன்றை வாங்கினான். வீட்டில் மனைவி அதைக் கட்டிக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள்.

"பன்னிக்கு மூக்கு வெச்ச மாதிரி இருக்கு. சரி, யாரும் இல்லாதப்ப போட்டுக்கிறேன்."

"ஆள் பார்க்கிறப்ப தூள் பறக்காதா?"

"அண்ணன் சொன்னதை மீற முடியுமாங்க? என்னை வேலைய விட்டு அனுப்பிட்டா உங்க மருந்துக்கு எங்க போறது?"

அவன் வாயைத் திறந்தான். இருந்த மூச்சையும் இருமல் தின்றது.

அவள் கலவை அறைக்குப் போன முதல் நாள் அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போட்டிருப்பாளா, மாட்டாளா? மெல்ல நடந்து தொழிற்சாலைக்கு வந்தான். பழைய ஆள் என்று வாசலில் தடுக்காமல் உள்ளே விட்டார்கள். தாழ்வாரத்தில் நடந்து கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றான். வாங்குகிறவர்கள் நிற்கிற இடத்தில் அவன் நிற்பது அதுதான் முதல் தடவை. கண்ணாடியின் உட்புறம் தூள் படிந்து மங்கலாக இருந்தது. அவள் முதுகைக் காட்டி மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். பின்தலையில் முகமூடியின் பட்டை. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அவள் மூட்டையைத் தொட்டியில் கவிழ்த்தாள். தூள் எழும்பி அவளைச் சூழ்ந்தது. திரும்பினாள். கண்ணாடியில் யாரோ நிற்பது தெரிந்ததும் முகமூடியைச் சட்டென்று கழுத்துக்கு இறக்கினாள்.

"போடு! நான்தான்! மேல போடு!"

கண்ணாடியைத் தட்டினான். கையால் முகத்தைக் காட்டினான். உள்ளே இயந்திரம் இரைந்தது. அவளுக்கு ஒரு நிழல் கையாட்டியது மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். கரண்டியை எடுத்தாள், கலக்கினாள், அண்ணாந்து குடித்தாள். வெளுத்த புருவங்களை உயர்த்திச் சிரித்தாள். அவ்வளவு நன்றாக அவனே சிரித்ததில்லை.

தான் நிற்கும்வரை அவள் முகத்தை மூடமாட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப் போகலாம் என்றால் காலும் மூச்சும் ஒத்துழைக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே இடுப்பளவுக்குச் செங்கல் சுவர் இருந்தது. அதில் சாய்ந்தபடி சரிந்து, தலை தெரியாமல் தரையில் உட்கார்ந்தான். இருமல் வந்தது. சட்டையை வாயில் திணித்துக்கொண்டான்.

தாழ்வாரத்தின் கோடியில் மச்சானின் குரல் கேட்டது. "வாங்க சார், இந்தப் பக்கம். எங்க ஆளுங்களே எவ்வளவு நம்பிக்கையா குடிக்கிறாங்கன்னு நீங்களே பாருங்க."