எதிர்த்தரப்பு வாதம்

அந்தப் பெண்ணுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. முறையாகப் பேசக் கற்றுக்கொண்டாள், அதுதான் வினை. பொதுக்கொள்கை வகுப்பில் அவள்தான் முதல். எந்தத் திட்டத்தைக் கொடுத்தாலும் யாருக்கு லாபம், யார் தலையில் விடியும், இந்தப் புள்ளிவிவரம் எங்கிருந்து வந்தது என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்துவிடுவாள். பேராசிரியை ஒரு விதி வைத்திருந்தார். எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே மெச்சும்படி முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும், பிறகுதான் உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது. அந்த விதி அவள் ரத்தத்தில் ஊறிப்போயிற்று.

இந்த நேரம் பார்த்துத்தான் தெருக்கோடி ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவை மூடி, ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அவளுடைய அப்பா, ஒரு காலத்தில் லேத் பட்டறைக்காரர், வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் போகிறார். முடிந்து வெளியே வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. இரண்டு பஸ் மாறிப் போகச் சொன்னால் சிகிச்சையே வேண்டாம் என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார். சிகிச்சை நின்றால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேச வேண்டுமா என்ன?

கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். நோயாளிகள் சார்பில் ஒருவர்தான் பேசலாம், அதுவும் ஐந்தே நிமிடம். இவளை விட்டால் யார் என்று எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். அவளும் சும்மா போகவில்லை. திட்ட அறிக்கையைக் குடைந்து குடைந்து பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். தூரத்துக்குப் பயந்து சிகிச்சையையே விட்டுவிடுகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அது ஒன்று போதும், திட்டம் ஆட்டம் கண்டுவிடும்.

மேடையேறினாள். பழக்கதோஷம், எதிர்த்தரப்பிலிருந்து ஆரம்பித்தாள். அங்கே புது இயந்திரங்கள், எந்நேரமும் டாக்டர். இங்கே நர்ஸ் பற்றாக்குறை, கிருமித்தொற்று அபாயம். அதிகாரிகள் எழுதத் தெரியாமல் எழுதியிருந்ததையெல்லாம் இவள் கோவையாகச் சொல்லச் சொல்ல, நடுவில் இருந்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து குறிப்பெடுத்தார். முன்வரிசையில் அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி உடைக்கலாம் என்று அவள் மூச்சை இழுத்தபோது மணி அடித்துவிட்டது. வகுப்பில் பேச்சை நிறுத்தச் சொல்லி யாரும் மணி அடித்ததில்லை.

“சார், முக்கியமானத இன்னும் சொல்லவே இல்ல,” என்றாள்.

“தெளிவா சொல்லிட்டீங்கம்மா. நோயாளிங்க தரப்புலயும் சம்மதம்னு பதிஞ்சுக்கறோம்,” என்றார் அதிகாரி.

மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒன்றும் எடுபடவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, இவள் விலைபோய்விட்டாள் என்று எல்லார் காதிலும் விழும்படியே சொன்னாள்.

திரும்பி வரும்போது அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மேடையில் சொல்லாததை அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தாள். அவரோ அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

“நல்லாத்தான் பேசினம்மா. அவங்க பக்கமும் நியாயம் இருக்குன்னு எனக்கே இன்னிக்குத்தான் புரிஞ்சுது. மூடட்டும். இனி அவங்க மேல கோவமில்ல.”

“அப்ப அங்க போவீங்களாப்பா?”

“அவ்ளோ தூரம் என்னால ஆகாதும்மா. அது வேற விஷயம்.”

பாவி மகள் மேடையில் சொல்லாமல் விட்டது அந்த வேறு விஷயத்தைத்தான்.