நூற்றுக்கு முப்பத்தெட்டு

நூற்றுக்கு முப்பத்தெட்டு. டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, கசக்கிக்கொண்டு, முதலிலிருந்து எண்ணினாள். அதே முப்பத்தெட்டு கொசுப்புழுக்கள், வயிற்றுக்குள் பச்சையாக ஒளிர்ந்தபடி நெளிந்தன.

மூன்று வருஷமாக இதுதான் அவள் பாடு. கொசுவைத் தொற்றும் மிகச் சிறிய வைரஸ் ஒன்றின் சொந்த மரபணுக்களை நீக்கிவிட்டு, வெற்றுக் கூட்டுக்குள் ஒளிரும் மரபணுவை அடைத்துத் தண்ணீரில் கலப்பாள். புழு அதைக் குடிக்க வேண்டும், கூடு உள்ளே போய் மரபணுவை இறக்கிவைக்க வேண்டும். இப்போதைக்கு வெறும் ஒளிதான். என்றாவது ஒருநாள், காய்ச்சலைச் சுமக்க மறுக்கிற கொசு. ஆனால் இதுவரை நூற்றுக்கு நாலு ஒளிர்ந்தாலே அதிகம். போன நாலு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து கூட்டின் மேற்புறத்தை மாற்றியமைத்தாள். அதுதான் பலித்துவிட்டது என்று துறைத்தலைவருக்குப் போன் போட்டாள். "நாளைக் கூட்டத்துல நீயே பேசும்மா" என்றார் அவர்.

மத்தியானம் கொசு அக்கா கதவோரம் வந்து நின்றாள். பதினெட்டு வருஷமாகப் பூச்சி அறையில் புழு வளர்ப்பவள். தப்பிப் பறந்த கொசு எதுவாவது கையில் உட்கார்ந்தால், "வேலையும் செஞ்சு ரத்தமும் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பாள்.

"வாங்கக்கா. உங்க பிள்ளைங்க இந்தத் தடவை பாஸ்."

அக்கா சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்லணும், திட்டாதீங்க. நீங்க வைரஸ் குடுத்த அன்னிக்கு, புழு வளர்க்கிற பெரிய தட்டு கீறல் விட்டு ஒழுகிடுச்சு. அவசரத்துக்குச் சின்னக் கிண்ணத்துல, ஒரு விரல்கடைத் தண்ணியில அள்ளிப் போட்டேன். நீங்க குடுத்த குப்பியை அதுலயே ஊத்திட்டேன். தீனியும் முந்தின நாளே தீர்ந்துபோச்சு. பாவம், பட்டினியா கிடந்துச்சுங்க."

டாக்டரம்மா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கொஞ்சத் தண்ணீர், முழுக் குப்பி வைரஸ், பசித்த வாய்கள். அப்படியானால் அவளுடைய புதுக் கூடு எதுவுமே செய்யவில்லையா?

"இதை ஏன்க்கா இப்ப வந்து சொல்றீங்க?" குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது.

"சொல்லலேன்னா யாருக்கும் தெரியாதுதான்" என்றாள் அக்கா. "நாளைக்கு நாலு பேர் முன்னாடி நீங்க எழுந்து நிப்பீங்க. அப்புறம் வேற யாராவது தட்டுல செஞ்சு பார்த்து வரலேன்னா, உங்களைத்தானே பொய்க்காரின்னு சொல்வாங்க?"

அக்கா போய்விட்டாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வேலை போய்விடும் என்று பயந்துகொண்டே அக்கா மாடியேறி வந்திருக்கிறாள். அந்தத் துணிச்சல் தனக்கு இருந்திருக்குமா? போனை எடுத்து, நாளைக்குப் பேசவில்லை என்று தலைவரிடம் சொன்னாள். மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

பழைய கூடு, புதுக் கூடு இரண்டையும் தட்டிலும் கிண்ணத்திலும் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். எந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரப் பட்டினி என்பதெல்லாம் அக்காவின் கணக்கு. பத்தாம் நாள் விடை வந்தது. தட்டில் நூற்றுக்குப் பழையது நாலு, புதியது ஐந்து. கிண்ணத்தில் பழையது முப்பத்தைந்து, புதியது முப்பத்தேழு. நாலு மாத உழைப்புக்கு இரண்டே இரண்டு புழு! டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எண்களைத் தாளில் எழுதி, பக்கத்திலேயே 'கிண்ணமும் பட்டினியும்: பூச்சி அறை அக்காவின் கண்டுபிடிப்பு' என்று எழுதினாள்.

பூச்சி அறைக்குப் போய் விளக்கை அணைத்தாள். நீல விளக்கைப் பிடித்துக்கொண்டு, பச்சை ஒளியைக் காட்டும் மஞ்சள் மூக்குக்கண்ணாடியை அக்காவிடம் நீட்டினாள். "நீங்க ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே. பாருங்கக்கா."

"இருங்க, காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கலை அதுங்க. மொதல்ல தீனி போட்டுடறேன்."

இருட்டிலேயே டப்பாவைத் தடவி எடுத்து ஒரு சிட்டிகை தூவினாள். பிறகுதான் கண்ணாடியை மாட்டினாள். கிண்ணத்தின் அடியிலிருந்து பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக நெளிந்து மேலேறி, தீனியைச் சுற்றி மொய்க்கத் தொடங்கின.